சொன்னவர்: சந்தனமாரி

ஏறுங்க சார். அந்தப் பையை உள்ள தள்ளி வைங்க, ரோடு மேடும் பள்ளமுமா கிடக்கு. எங்க போகணும்னு சொன்னீங்க? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மாவு மில்லுக்கு எதுத்தாப்புல. சரி சரி. மாவு மில்லு எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருசமா இந்தச் சிவகாசில வண்டி ஓட்டுறேன். கண்ணைக் கட்டி விட்டாலும் மாவு மில்லு வாசல்ல கொண்டு போய் நிறுத்துவேன். நீங்க ஒண்ணும் வழி சொல்ல வேண்டாம், நிம்மதியா உக்காந்து வாங்க.

என்ன சார், திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? ஓ, எங்க ஆட்டோ ஸ்டாண்டு போர்டைப் பாக்குறீங்களா. வெளியூர் ஆளுக எல்லாருமே கேக்குறாங்க. மேல 'தெரிந்துகொள்வோம்'னு கொட்டை எழுத்துல இருக்கு, கீழ மூலையில 'சொன்னவர்: சந்தனமாரி'ன்னு இருக்கு, நடுவுல ஒத்த வரி கூட இல்லையே, என்னத்தைத் தெரிஞ்சுக்கிறதுன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். சந்தனமாரி என் சம்சாரம் சார். போய்ச் சேந்து எழுபத்தஞ்சு நாளாச்சு.

அட, நீங்க சங்கடப்படாதீங்க. பாத்ததுல என்ன தப்பு? எனக்கும் யார்கிட்டயாவது சொன்னாத்தான் மனசு ஆறுது. ஸ்டாண்டுல உள்ளவங்க இப்ப எனக்கு முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க. பேச்சுக் குடுத்தா அழுதுருவேன்னு பயம்.

அந்த போர்டு பதினோரு வருசமா என் பொறுப்பு. அதுக்கு முன்னாடி சங்கக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, இதுக்கு மட்டும்தான் அதுல கை வைப்பாங்க. நான் சின்ன வயசுல சைன்போர்டு எழுதுற ஒரு அண்ணன்கிட்ட ரெண்டு வருசம் பெயிண்ட் டப்பா தூக்கினவன். படிப்பு அஞ்சாப்பு. ஆனா எழுத்து மட்டும் அச்சடிச்ச மாதிரி விழும். சும்மா கிடக்குற போர்டுல தினம் ஒரு தகவல் எழுதுவோமேன்னு நான்தான் ஆரம்பிச்சேன். நாலாவது நாளே சரக்குத் தீந்து போச்சு சார். எனக்குத் தெரிஞ்சதே நாலு விசயம்தான்.

அப்பத்தான் சந்தனம் கை குடுத்தா. அவளுக்கு ஒரு அச்சாபீஸ்ல பைண்டிங் வேலை. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, அச்சடிச்ச தாளுகளை ஒரு பெரிய மேசையைச் சுத்திக் கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருப்பாங்க. பொம்பளைக அந்த மேசையைச் சுத்திச் சுத்தி நடந்து, ஒவ்வொரு கட்டுல இருந்தும் ஒரு தாளை உருவி வரிசையாச் சேக்கணும். காலைல எட்டரைக்கு நின்னா சாயந்தரம் ஆறு வரைக்கும் நின்ன கால்தான். பொது அறிவுப் புத்தகம், டைரி, நாள் காலண்டர்னு ஊரு உலகத்துச் சங்கதி பூரா அவ கை வழியாத்தான் போகும். எட்டாப்பு படிச்சவ. நடக்குற நடையிலயே படிச்சுருவா. நல்லதா ஒண்ணு கண்ணுல பட்டா, கழிச்சுப் போட்ட தாளுல அதை மட்டும் கிழிச்சுத் தூக்குவாளிக்குள்ள போட்டுக் கொண்டு வருவா.

மறுநாள் காலைல ஆறரைக்கு டீயை நீட்டுவா. நான் "ம், இன்னைக்கு என்ன?"ம்பேன். "வண்ணாத்திப் பூச்சிக்கு நாக்கு ருசி காலுல இருக்காம்"பா. "ஆக்டோபசுன்னு கடல்ல ஒண்ணு இருக்காம், அதுக்கு மூணு இருதயமாம்"பா. "காக்கா நம்ம மூஞ்சியை வருசக்கணக்கா ஞாபகம் வச்சுக்கிடுமாம், கல்லெறிஞ்சவனை மறக்காதாம்"பா. நான் மனசுல போட்டுக்கிட்டு ஏழு மணிக்கு ஸ்டாண்டுக்கு வந்து நாலு கலர் சாக்பீஸ்ல எழுதிருவேன். கீழ 'எழுதியவர்: சீனிராஜ், ஆட்டோ'ன்னு போடுவேன். அது சத்தியம்தான சார்? எழுதினது நான்தான? சொல்றதை யாரு வேணாலும் சொல்லிறலாம். எழுத வேணாமா?

பேரு பரவிருச்சு சார். காலேஜ்ப் பொண்ணுக நின்னு போன்ல படம் புடிப்பாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் தினம் வண்டியை நிறுத்திப் படிச்சுட்டுப் போவாரு. ஸ்டாண்டுல எனக்கு 'புரொபசர்'னே பேராயிருச்சு. போன சுதந்திர தினத்துக்கு எங்க சங்கத்துல மேடை போட்டுச் சால்வை போத்தினாங்க. மைக்கைக் கையில குடுத்து, "இம்புட்டு விசயம் எப்படிண்ணே தெரிஞ்சுக்கிறீங்க?"ன்னாங்க. நான் "எல்லாம் ஒரு ஆர்வம்தான், தேடித் தேடிப் படிக்கணும்"னேன். சந்தனம் பொம்பளைக பக்கத்துல மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. கை தட்டினா சார். நல்லாத்தான் தட்டினா.

வீட்டுக்கு வந்து சால்வையை மடிச்சு வைக்கும்போது மெதுவாக் கேட்டா. "ஏங்க, ஒரே ஒரு நாளைக்கு 'சொன்னவர்'னு என் பேரைப் போடுங்களேன். அச்சாபீஸ்ல காட்டுவேன்." நான் சிரிச்சுட்டேன். "ஏ கிறுக்கி, ஆட்டோ ஸ்டாண்டு போர்டுல பொம்பள பேரைப் போட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்"னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்ல.

போச்சு, கேட்டைப் போட்டுட்டான் பாருங்க. கூட்ஸ் வண்டியா இருந்தா கால் மணி நேரம். இஞ்சினை அமத்திக்கிறேன். என்ன சார் சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடிச்சுட்டு உங்ககிட்ட வர்றேன்.

அவகிட்ட ஒரு பழக்கம் உண்டு. சில நாளு காலைல தகவலைச் சொல்ல மாட்டா, வீட்டுக் கதையை ஆரம்பிப்பா. ரேணுகா போன் பண்ணுச்சு, குளிர் காலத்துல எனக்கு இந்த இடுப்பு இருக்கே, அப்படின்னு. ரேணுகா எங்க மக, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு. நான் கையைக் காட்டி நிறுத்திருவேன். "அதெல்லாம் சாயந்தரம் பேசிக்கிடலாம், இப்பத் தகவலைச் சொல்லு"ம்பேன். சாயந்தரம் நான் அலுத்துச் சலிச்சு வர்றவன். சாப்பிட்டுக் கட்டையைச் சாய்ச்சா அம்புட்டுத்தான். ஆனா தகவல்னு அவ சொல்லிட்டா மட்டும் நான் வேற ஆளு சார். டீயைக் கீழ வச்சுட்டுக் கேப்பேன். ரெண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். அவ கண்ணைப் பாத்துக் கேப்பேன். அந்த விசயத்துல என்னை ஒரு குத்தம் சொல்ல முடியாது.

ஒரு தடவை சொன்னா. "நாள் பூரா நின்னு வேலை பாக்குற பொம்பளைகளுக்குக் காலு நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டுப் பச்சை பச்சையாப் புடைச்சுக்கிருமாம். ராத்திரிக்கு எரியுமாம். யாராவது காலைத் தூக்கித் தலையணை மேல வச்சு விட்டா சுகமா இருக்குமாம்." அருமையான தகவல்னு நான் பச்சைக் கலர்லயே எழுதினேன். துணிக்கடையில வேலை பாக்குற பிள்ளைக கூட்டமா நின்னு படிச்சுதுக. அதுல ஒண்ணு கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போச்சு. சாயந்தரம் வந்து சந்தனத்துகிட்டப் பெருமையாச் சொன்னேன். "இன்னைக்குத் தகவல் சூப்பர் ஹிட்டு"ன்னேன். அவ ஒரு மாதிரி சிரிச்சா.

இன்னொரு நாளு திமிங்கலக் கதை. கடல்ல ஒரு திமிங்கலம் போடுற சத்தம் மத்த திமிங்கலத்துச் சத்தம் மாதிரி இல்லையாம். பல வருசமா அது பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கிட்டே திரியுதாம், எதுவும் பதிலுக்குக் கூப்பிட்ட மாதிரி தெரியலையாம். அதைச் சொல்லிட்டு, "பாவம்ல?"ன்னா. "போர்டுக்கு நீளமா இருக்கே, சுருக்கிச் சொல்லு"ன்னேன் நான்.

இப்பச் சொல்லும்போது எனக்கே பாவமா இருக்கு சார். அன்னைக்கு ஒண்ணும் தோணல.

அந்த நாளுக்கு வர்றேன். வியாழக்கிழமை. டீயை எப்பவும் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே குடிப்பா. அன்னைக்குக் கீழ உக்காந்துட்டா. கன்னத்துல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் "ம், இன்னைக்கு என்ன?"ன்னேன்.

"சில பொம்பளைகளுக்கு நெஞ்சு வலிக்காமலே ஹார்ட் அட்டாக் வருமாம்"னா. "தாடை வலிக்குமாம். முதுகு வலிக்குமாம். நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குமாம். வாயு, கேஸுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துருவாங்களாம். ரொம்பப் பேரு அப்படித்தான் செத்துப் போறாங்களாம்."

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இப்படி ஒரு தகவல் பதினோரு வருசத்துல வந்ததில்ல. "மெதுவாச் சொல்லு, மெதுவாச் சொல்லு"ன்னு பில்லுத் தாளு பின்னாடி குறிச்சேன். "தாடைன்னா எந்தப் பக்கம்?"னு கூடக் கேட்டேன் சார். அவ இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம்"னா. நானும் 'இடது'ன்னு எழுதிக்கிட்டேன். எந்திரிச்சுச் சட்டையை மாட்டினேன். அவ உக்காந்த இடத்துல இருந்தே என்னை அண்ணாந்து பாத்து, "வேற ஒண்ணும் கேக்கணும்னு இல்லையா?"ன்னா.

"போதும் போதும், போர்டுல அஞ்சு வரிதான் புடிக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என்ன சார், தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? ரயிலு வந்துருச்சு, சத்தமாச் சொல்றேன்.

'தாடை'ங்கிறதைச் செவப்புல எழுதினேன். அப்படி ஒரு கூட்டம் அன்னைக்கு. ஒரு டாக்டரம்மாவே காரை விட்டு இறங்கி, "ரொம்ப நல்ல விசயம் எழுதியிருக்கீங்க"ன்னு கை குடுத்துட்டுப் போனாங்க. பதினோரு மணி இருக்கும், போன் அடிச்சுது. சந்தனம் நம்பரு. போர்டு பக்கத்துல என்னை நிறுத்தி வச்சு ஒருத்தர் படம் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. கட் பண்ணிட்டேன். திரும்ப அடிச்சுது. கட் பண்ணிட்டேன். வேலை நேரத்துல இவளுக்கு என்ன பேச்சுன்னு எனக்கு எரிச்சலு. மூணாவது தரம் எடுத்தா, பேசினது அவ இல்ல. அச்சாபீஸ் மேஸ்திரி. மேசையைச் சுத்தி நடந்துக்கிட்டு இருந்தவ அப்படியே தாளு மேல சாஞ்சுட்டாளாம். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு சார். ஆஸ்பத்திரில டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அவங்க தாடை வலி, முதுகு வலின்னு எதுவும் சொன்னாங்களா?"ன்னு கேட்டாரு. அவ சொன்னா சார், சொன்னா, நான் அதை ஸ்டாண்டு போர்டுல எழுதிப் போட்டுட்டு வந்திருக்கேன்னா சொல்ல முடியும்?

கேட்டைத் தூக்கிட்டான். போவோம்.

வீட்டுல கிடத்திக் கால் பெருவிரலு ரெண்டையும் சேத்துக் கட்டினாங்க. சேலை கொஞ்சம் ஏறிக்கிருச்சு. அப்பத்தான் பாத்தேன் சார். முழங்காலுக்குக் கீழ பச்சைப் பச்சையா நரம்பு, புழு மாதிரி சுருட்டிக்கிட்டுக் கிடக்கு. முப்பது வருசம் கூடப் படுத்தவன். நான் எழுதின அந்தப் பச்சைக் கலரு போர்டு கண்ணு முன்னால வந்துச்சு. ஆத்தாடி, இது இவ காலு, இது இவ காலுன்னு கத்துறேன். அழுகையில உளர்றான்னு என்னைப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க.

ஆமா சார், வலது பக்கம் அந்தக் கட்டடம் புதுசு. கையைக் காட்டுறீங்களே, அதைத்தான? கல்யாண மண்டபம். போன மாசம்தான் திறந்தாங்க.

அஞ்சாம் நாளு வீட்டு வாசல்ல ஒருத்தர் வந்து நிக்கிறாரு. கையில லட்டு டப்பா, கூட வயசான ஒரு அம்மா. துக்க வீடுன்னு அவருக்குத் தெரியாது, ஸ்டாண்டுல யாரோ அட்ரஸ் மட்டும் சொல்லி அனுப்பிட்டான். "அண்ணே, நீங்க தெய்வம்ணே"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. அந்த வியாழக்கிழமை போர்டைப் படிச்சாராம். வீட்டுக்குப் போனா அவங்க அம்மா தாடை வலிக்குதுன்னு சுக்குத் தட்டிக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு மதுரைக்குப் பறந்திருக்காரு. பொழச்சுக்கிருச்சு. அந்த அம்மா என் தலையில ரெண்டு கையையும் வச்சு, "உன் பொண்டாட்டி மஞ்சளும் குங்குமமுமா நூறு வருசம் இருக்கணும்யா"ன்னு சொல்லுச்சு சார். உள்ள சந்தனத்துப் படத்துக்கு விளக்கு எரியுது. நான் "சரிம்மா"ன்னேன். லட்டை வாங்கி வச்சுக்கிட்டேன்.

என்ன சார்? ம், ம், இதோ, இந்தா முடிச்சுட்டேன்.

பதினாறு கழிஞ்ச மறுநாளு எனக்கு ஒரு வெறி. அந்தத் தாடைத் தகவல் எந்தப் புத்தகத்துல வந்துச்சுன்னு பாக்கணும். அவ கொண்டு வர்ற துண்டுத் தாளை எல்லாம் அடுப்படியில கரண்டு பில்லுக் கம்பியில குத்தி வச்சிருப்பா. பதினோரு வருசத்துத் தாளு, நாலு கம்பி. நானும் ரேணுகாவும் உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்தோம். வண்ணாத்திப் பூச்சி இருக்கு. ஆக்டோபசு இருக்கு. காக்கா இருக்கு, திமிங்கலம் இருக்கு. காலு நரம்புக்குத் தாளு இல்ல. தாடைக்கும் தாளு இல்ல. கடைசிக் கம்பியில மேலாப்புல ஒரு கிளினிக் சீட்டு இருந்துச்சு. அவ சாகுறதுக்கு எட்டு நாளைக்கு முந்தின தேதி. இங்கிலீசுல இருந்ததை ரேணுகாதான் படிச்சுச்சு. இருதயத்துல கோளாறு இருக்கு, உடனே மதுரைக்குப் போய்ப் பாக்கணும், வீட்டு ஆளைக் கூட்டிட்டு வரணும்னு எழுதியிருக்கு.

எட்டு நாளு சார். எட்டுக் காலைல எனக்கு டீ குடுத்திருக்கா.

ரேணுகா அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே. "அம்மா எங்கிட்டயும் மறைச்சுட்டாளே"ன்னு அழுதுச்சு. அப்புறம் சொல்லுச்சு. "போன்ல எத்தனையோ தடவை சொல்லியிருக்காப்பா. 'உங்க அப்பாகிட்ட எனக்கு வலிக்குதுன்னு சொன்னா செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி. யாருக்கோ வலிக்குதாம்னு சொன்னா உடனே பேனாவை எடுத்துருவாரு'ன்னு சிரிப்பா." சொல்லிட்டு ரேணுகா திருப்பூருக்குப் போனதுதான். இப்ப நான் போன் பண்ணினா மருமகன்தான் எடுக்குறாரு.

அதுக்கு அப்புறம் போர்டுல எழுத வரல சார். கம்பியில நூத்துக்கணக்குல தாளு இருக்கு, எடுத்து எழுதலாம். சாக்பீஸை எடுத்துட்டுத் திரும்ப டப்பாவுலயே வச்சுருவேன். அவ வாயால சொல்லி நான் எழுதினவன். பேரை மட்டும் போட்டுட்டு வந்துருவேன். மழையில அழிஞ்சா மறுபடி எழுதுவேன். கேட்டப்பப் போடல. இப்பத் தினம் போடுறேன், பாக்கத்தான் ஆளு இல்ல.

ஆனா ஒண்ணு சார். நீங்க படிச்ச ஆளு மாதிரி தெரியுறீங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் அவளைக் கை நீட்டி அடிச்சவனா? குடிச்சவனா? ஒரு கெட்ட பழக்கம் உண்டா எனக்கு? நேராச் சொல்லியிருக்கலாம்ல? ஏங்க, எனக்குத் தாடை வலிக்குது, என்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒத்த வார்த்தை. சொல்லியிருந்தா இந்த வண்டியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? நான் என்ன கேக்க மாட்டேன்னா சொன்னேன்? பக்கத்துல உக்காந்திருக்கிற மனுசன்கிட்ட வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன சார் கஷ்டம்?

என்ன சார்? ஏன் தோளைத் தட்டுறீங்க?

மாவு மில்லா? அது இன்னும்... ஐயையோ. இது பைபாஸ் பெட்ரோல் பங்குல்ல. எப்பத் தாண்டினோம்? ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டோமே! நீங்களாவது முன்னாடியே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்?

சொன்னீங்களா?

எப்ப? மண்டபத்துகிட்ட, கையைக் காட்டினப்பவேவா? அப்புறமுமா?

மூணு தரமா சொன்னீங்க?

இருங்க சார், வண்டியை ஓரம் கட்டிக்கிறேன். கண்ணு தெரியல. திருப்பிக் கொண்டு போய் வாசல்லயே இறக்கி விட்டுர்றேன், ஒரு நிமிசம் குடுங்க. பக்கத்துலதான் இருந்தேன் சார். ஒரு சாண் தூரம் கூட இல்ல. சந்தனத்து மேல சத்தியமாச் சொல்றேன், என் காதுல விழவே இல்ல.